தீர்ப்பு எழுத வேண்டாம், மகள்

கேள்வி:

டீச்சர், எனக்குச் சொந்த ஊர் காத்தான்குடி. பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சிறப்புக் கற்கை, மூன்றாம் வருடம். இரண்டு சிறுகதைகளை எடுத்து, அவற்றில் வரும் கணவன் மனைவி முரணை ஒப்பிட்டு 3000 சொற்களில் ஓர் ஒப்படை எழுத வேண்டும். இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்', கு.ப.ராஜகோபாலனின் 'சிறிது வெளிச்சம்' இரண்டையும் எடுத்தேன். வரைவைப் பார்த்த சேர், "இது இரண்டு கதைச்சுருக்கம். ஒப்பீடு எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். ஒரு கணவன் நல்லவன், மற்றவன் கெட்டவன் என்பதற்கு மேலே எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கட சமூகத்து வாழ்க்கையையும் சேர்த்து எழுது என்கிறாள் ஒரு கூட்டாளி. அது இலக்கியம் ஆகாது என்கிறாள் இன்னொருத்தி. பேசாமல் நம் பகுதி முஸ்லிம் எழுத்தாளர் ஒருவரின் கதைக்கு மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். உம்மா வேறு, "புரிசன் பொஞ்சாதி சண்டையப் படிக்கிறதுக்கா கம்பஸ் போறாய்?" என்று கேட்டுச் சிரிக்கிறா. வரைவையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

காத்தான்குடி வாசகி

பதில்:

உம்மாவின் கேள்வியைத்தான் முதலில் எடுக்கிறேன், மகள். கடிதத்தில் இருப்பவற்றுள் அதுதான் கூர்மையான கேள்வி. சண்டையைத் தெரிந்துகொள்ளக் கம்பஸ் தேவையில்லை. உங்கள் ஊரில் வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒட்டி நிற்கின்றன. அடுத்த வீட்டுக் குசினியில் பாத்திரம் விழுந்தால், அது கைதவறி விழுந்ததா கோபத்தில் விழுந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருப்பார்கள். அந்தச் சண்டையை ஒருவர் எடுத்து ஏழெட்டுப் பக்கத்தில் கதையாக்கும்போது எதை வைத்தார், எதை மறைத்தார், யாருடைய வாயில் கொடுத்தார் என்று பார்க்கத்தான் கம்பஸ். உங்கள் வரைவில் சண்டை இருக்கிறது. கதையாக்கியவரைக் காணவில்லை.

வரைவின் நான்காம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருக்கிறேன். முதல் கதையின் கணவன் தன் தவறை உணரும் பண்புள்ளவன், இரண்டாம் கதையின் கோபாலய்யர் மன்னிக்க முடியாத கொடியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தீர்ப்பு. காழி நீதிமன்றத்தில் இரு தரப்பும் வந்து நின்றால் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது காழியாரின் வேலை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது. உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. கோபாலய்யர் தன் மனைவி சாவித்திரியை அடிப்பது தவறு என்று நிறுவ உங்களுக்கு 3000 சொற்கள் வேண்டாம். ஒரு வரி போதும், அந்த ஒரு வரியும் உங்கள் விரிவுரையாளருக்கு முன்பே தெரியும்.

ஆனால் காழியாரிடம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. அவருக்கு முன்னால் இரு தரப்பும் வாய் திறந்து பேசும். சிறுகதையில் அப்படி நடப்பதில்லை. வழக்கை நமக்கு முன்னால் கொண்டுவருவது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் யார் என்று இரண்டு கதைகளிடமும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஓடாமல் நின்றது அங்கேதான் ஓடத் தொடங்கும்.

'சிறிது வெளிச்சம்' கதையைச் சொல்பவர் கணவனும் இல்லை, மனைவியும் இல்லை. அவர்கள் வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஓர் ஆண். இரவில் கோபாலய்யர் நேரம் கழித்து வருவதும், அடி விழுவதும் அவருக்குக் கேட்கிறது. ஒரு நாள் இடையில் புகுந்து தடுக்கிறார். அதன் பிறகு அந்தப் பெண் அவரோடு மனம் விட்டுப் பேசுகிறாள். அதை அவர் நமக்குச் சொல்லும்போது அவள் உயிரோடு இல்லை. இந்த அமைப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். கோபாலய்யர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பே பெறவில்லை. சாவித்திரியின் சொற்கள் அந்த அறைக்காரரின் நினைவைக் கடந்துதான் நம்மிடம் வருகின்றன. அவர் சொன்னதை மறுக்கவோ திருத்தவோ அவள் இனி வரப்போவதில்லை. அப்படியானால் நாம் வாசிப்பது ஒரு தாம்பத்திய முரணா, அல்லது அந்த முரணுக்குள் தனக்கு ஓர் இடம் தேடிக்கொண்ட மூன்றாமவரின் வாக்குமூலமா? தலைப்பில் இருக்கிற வெளிச்சம் யாருக்குக் கிடைத்தது? இந்தக் கேள்விகளுக்குக் கதை ஒரே விடையைத் தருவதில்லை. கு.ப.ரா.வின் கெட்டித்தனம் அதுதான். அடிப்பவனைக் காட்டி நம் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு, கேட்பவனைப் பற்றிய சந்தேகத்தை மெதுவாக நம் மனசுக்குள் விட்டுவிடுகிறார். உங்கள் வரைவில் அறைக்காரரைப் பற்றி இருப்பது ஒன்றரை வரி. அதிலும் அவர் ஒரு 'நல்லுள்ளம் கொண்ட இளைஞர்'. அவர் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, மகள். உங்களுக்கும் கொஞ்சம் குறையட்டும்.

இனி 'வெள்ளிப் பாதசரம்'. ஓர் இளம் சோடி வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போகிறது. அவன் அவளுக்கு வெள்ளிப் பாதசரம் வாங்கிக் கொடுக்கிறான். சனத்துக்குள் ஒன்று தொலைந்துபோகிறது. அவன் கோபிக்கிறான், அவள் உடைந்துபோகிறாள், திரும்பி வரும் வண்டிப் பயணத்தில் சமாதானம் ஆகிறது. இவ்வளவும் உங்கள் வரைவில் இருக்கிறது, அழகாகவே எழுதியிருக்கிறீர்கள். விட்டுப்போனது கதை தொடங்குகிற இடம். தன் உழைப்பிலும் கைப்பலத்திலும் நம்பிக்கையுள்ள ஒரு வாலிபனின் பெருமிதத்தோடுதான் கதை ஆரம்பிக்கிறது. கதை சொல்பவர் வெளியே நின்று படர்க்கையில் பேசுகிறார் என்றாலும், முதலில் நம்மைக் கூட்டிக்கொண்டு போவது அவன் மனசுக்குள்தான். அதனால் அந்தப் பாதசரம் வெறும் நகை இல்லை. அவன் வியர்வை அவள் காலில் ஒலித்துக்கொண்டு போகிறது. தொலைந்தது அவள் கால் நகையா, அவன் பெருமிதமா? கோபத்தின் அளவு நகையின் விலைக்குப் பொருந்தவில்லை என்றால் காரணம் அங்கே இருக்கிறது. கதைக்குள் போய்த் தேடிப்பாருங்கள். தொலைந்த பிறகு யாருடைய மனசு நமக்குத் திறந்து காட்டப்படுகிறது, யாருடைய கண்ணீர் வெளியிலிருந்து மட்டும் காட்டப்படுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வாதம் தானாக எழுந்து நிற்கும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'இரு கதைகளிலும் மனைவியின் துயரம் ஓர் ஆண் மனத்தின் வழியாகவே வாசகரை வந்தடைகிறது. ஒன்றில் அந்த ஆண் சண்டையிட்டவன். மற்றதில் சண்டையைக் கேட்டவன். சண்டையிட்டவனின் மனத்தோடு செல்லும் கதை சமாதானத்தில் முடிய முடிகிறது. கேட்டவனின் வாயால் வரும் கதைக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.'

இதன் கடைசி வாக்கியத்தோடு உங்கள் சேர் சண்டைக்கு வரலாம். வரட்டும். யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒன்றை ஆய்வின் கருதுகோளாக வைத்தால் அது கருதுகோள் இல்லை, பொதுத் தகவல். 'இரு கதைகளிலும் குடும்பப் பிரச்சினை பேசப்படுகிறது' என்று நீங்கள் முன்னுரையில் எழுதியிருப்பது அந்த வகை. என் வாதத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நான் சொன்னதை மறுத்து ஒன்று எழுதினால் இன்னும் சந்தோஷப்படுவேன். எடுத்துக்காட்டாக, அறைக்காரர் இல்லாவிட்டால் சாவித்திரி பேசியிருக்கவே மாட்டாள், ஆகவே அவர்தான் அவளுக்கு நாக்குக் கொடுத்தார் என்று வாதாட இடம் இருக்கிறது.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் பாதி ஒரு கதை, பின்பாதி மற்றக் கதை என்று எழுதினால் நீங்கள் இப்போது நிற்கிற இடத்துக்கே மறுபடியும் வந்து சேருவீர்கள். ஒவ்வொரு பந்தியிலும் இரண்டு கதைகளும் இருக்கட்டும். யார் சொல்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள், சண்டை எந்த இடத்தில் நடக்கிறது, முடிவில் என்ன மாறுகிறது. இந்த ஒழுங்கில் போனால் 3000 சொற்களும் காணாமல் போகும். கதைச்சுருக்கத்துக்கு ஆளுக்கு ஐந்து வரி. வாசிப்பவர் கதை படித்தவர் என்றே வைத்து எழுதுங்கள்.

ஒரு பந்தியை மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறேன். மௌனத்தைப் பற்றி உங்கள் வரைவில் இருப்பது இது: 'முதல் கதையில் மனைவி பொறுமையாக இருக்கிறாள். அதேபோல இரண்டாம் கதையிலும் மனைவி பொறுமையாக இருக்கிறாள். இதிலிருந்து பெண்ணின் பொறுமை புலனாகின்றது.' அதை இப்படி மாற்றலாம்:

'இரு மனைவியரும் கணவனுக்கு எதிராக வாய் திறப்பதில்லை. ஆனால் இரு மௌனமும் ஒன்றல்ல. திருவிழாவிலிருந்து திரும்பும் பெண்ணின் மௌனத்தைக் கணவன் கவனிக்கிறான். அது அவனை அரிக்கிறது. அதனால் அந்த மௌனம் கதைக்குள் ஒரு செயலாகிறது. சாவித்திரியின் மௌனத்தைக் கோபாலய்யர் கவனித்ததற்கு அடையாளமே இல்லை. அதைக் கவனிப்பவன் அறைக்குள் இருக்கும் அந்நியன். ஒருவனுடைய காதில் விழ வேண்டிய மௌனம் வேறொருவனுடைய காதில் விழுவதே இரண்டாம் கதையின் முரண்.'

ஒவ்வொரு கூற்றின் பின்னாலும் கதையிலிருந்து ஓரிரு வரியை மேற்கோளாக வைத்து, பக்க எண் போட வேண்டும். வரி கிடைக்கவில்லை என்றால் கூற்றை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். மேலே நான் எழுதியதற்கும் அதே சட்டம்தான்.

இனி உங்கள் கூட்டாளிகள் இருவருக்கும் இடையே நடக்கிற வழக்கு. இரண்டு பேரும் பாதி பாதி சரி. காத்தான்குடியில் பிறந்ததை மறைத்துக்கொண்டு இந்தக் கதைகளை வாசித்தால் உங்களுக்கு மட்டும் தெரியக்கூடிய ஒன்றை இழந்துவிடுவீர்கள். கதைக்கு நடுவில் 'எமது சமூகத்தில் சீதனக் கொடுமை' என்று நான்கு பக்கம் எழுதினாலும் இழந்துவிடுவீர்கள்.

உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று கேட்டால், வீடு. நம் பக்கத்தில், சோனகரிடமும் தமிழரிடமும், கலியாணத்தோடு வீடு பெண்ணுக்குப் போகிறது. மாப்பிள்ளைதான் பெட்டி படுக்கையோடு பெண் வீட்டுக்கு வருகிறார். மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே வாப்பா உழைக்கிறார். ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் வீடு எழும்ப வேண்டுமென்று காக்காமார் சவூதிக்கும் கட்டாருக்கும் போய் வருகிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து, கிழக்குக் கரையின் தாய்வழிக் குடிகளையும் சீதன வீட்டையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்; அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. நூலகத்தில் இருந்தால் வீடு பற்றிய பகுதிகளை மட்டுமாவது வாசியுங்கள். ஆனால் அவரைக் கொண்டுவந்து கதையை விளக்க வைக்காதீர்கள். கதையிடம் கேட்க ஒரு கேள்வியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: சண்டை நடக்கிற இந்த வீடு யாருடையது?

தமிழ்நாட்டு விமர்சகர் பலருக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை. மனைவி கணவன் வீட்டில்தான் இருப்பாள் என்பது அவர்களுக்குக் காற்று மாதிரி. யாரும் காற்றைக் கவனிப்பதில்லை. நீங்கள் கவனிப்பீர்கள். கோபாலய்யர் இரவில் வெளியே திரிந்துவிட்டு நினைத்த நேரத்துக்கு வருகிறார். உங்கள் ஊரிலும் சண்டை பிடித்த மாப்பிள்ளை வெளியே போவார், உம்மா வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வருவார். கதவைத் தாண்டிப் போவது ஒரே செயல்தான். ஆனால் ஒருவர் போகும்போது வீட்டின் அதிகாரமும் அவரோடு போய், அவரோடு திரும்பி வருகிறது. மற்றவர் போகும்போது வீடு அவளிடமே இருக்கிறது, அவளுடைய உம்மாவும் குடும்பமும் அவளைச் சுற்றி இருக்கிறார்கள். சாவித்திரிக்கு அப்படி எவரும் இல்லை. இருப்பது ஒரு வாடகை அறைக்காரர். அவள் அந்நியரிடம் பேசியதற்கு மனசு மட்டும் காரணம் இல்லை, அந்த வீட்டின் அமைப்பும் காரணம் என்று நீங்கள் காட்டினால், அது சென்னையில் இருந்து ஒருவர் எழுதியிருக்க முடியாத பந்தி.

'வெள்ளிப் பாதசரம்' கதையிலோ சண்டை வீட்டிலேயே நடக்கவில்லை. கோயில் வீதியில் தொடங்கி வண்டியில் முடிகிறது. அவன் வீடும் இல்லை, அவள் வீடும் இல்லை. மாமி, மச்சாள், பக்கத்து வீடு என்று யாரும் உள்ளே வர வழியில்லாத ஒரு நடுவெளி. சமாதானம் அங்கே இலேசாக வந்ததற்கு அதுவும் காரணமோ என்னவோ. உங்கள் இரண்டு கதைகளும் சேர்ந்து நல்ல சோடியாக அமைந்ததே இதனால்தான். தெரிந்து எடுத்தீர்களா தெரியாமல் எடுத்தீர்களா என்று எனக்கு ஐமிச்சம்.

ஓர் எச்சரிக்கை. வீடு பெண்ணிடம் இருப்பதால் எங்கள் ஊரில் பெண்ணுக்குக் குறை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அதே கலியாண நாளில் வீட்டு உறுதி அவள் பெயரில் எழுதப்படுகிறது. கலியாணப் பதிவான காவினில் கையெழுத்து அவளுடைய வலியுடையது, அதாவது அவள் சார்பில் நிற்கும் ஆண் பொறுப்பாளருடையது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை. இந்த இரண்டும் ஒரே வீட்டு மண்டபத்தில் நடக்கின்றன. இதைப் பற்றி எழுத ஆசையாக இருந்தால் தனியாக ஒரு கட்டுரை எழுதி எனக்கு அனுப்புங்கள். ஒப்படைக்குள் வீட்டைப் பற்றி ஒரு பந்தி, கூடினால் ஒன்றரை.

வீடு என்கிற கேள்வி நன்றாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டுமானால் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை வாசித்துவிட்டு வாருங்கள். அதே பெயரில் தொகுப்பும் 1988இல் வந்தது. தெற்கிலிருந்து அஜ்மீரில் ஒரு பெரிய குடும்பத்துக்குள் மருமகளாகப் போகிற மீனாட்சியின் கதை. அங்கே கணவனும் மனைவியும் கத்திச் சண்டை போடுவதில்லை. முரண் சமையலறையின் சுவரிலும் யன்னலிலும் மாமியாரின் அதிகாரத்திலும் இருக்கிறது. கணவனோடு பேச வேண்டியதை அவள் கடைசியில் மாமியாரிடம் பேசுகிறாள். இதை மூன்றாம் கதையாக உள்ளே கொண்டுவராதீர்கள், சொல் எண்ணிக்கை தாங்காது. ஓர் அடிக்குறிப்பில் வைக்கலாம்.

முரண் என்றால் சண்டை என்று எடுத்துக்கொண்டதும் உங்கள் வரைவின் ஒரு பலவீனம்தான். ஒரு கடுஞ்சொல்கூட இல்லாத கதைகளில்தான் சில வேளை பெரிய முரண் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் கேட் சோப்பின் 1894இல் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை'யில் கணவன் அன்பானவன். அவன் ரயில் விபத்தில் இறந்தான் என்ற செய்தி வருகிறது; அழுது முடித்த மனைவிக்குள் விடுதலை உணர்வு மெல்ல ஏறுகிறது; செத்ததாகச் சொல்லப்பட்டவன் வாசலில் வந்து நிற்க, அவள் செத்துப்போகிறாள். சண்டை எங்கே? புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையில் பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவிக்குச் சமைத்துப் போடுகிறார், பணிவிடை செய்கிறார். பட்டணத்துப் புடைவைக் கடைச் சம்பளமும் ஊருக்குப் போக வேண்டும் என்கிற அவள் ஏக்கமும்தான் அங்கே மோதுகின்றன. அன்பும் அலுப்பும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருப்பதை அந்த மாதிரி யாரும் எழுதியதில்லை என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் எழுதலாம்.

முடிவைப் பற்றி யோசிக்கும்போது இன்னொரு புதுமைப்பித்தன் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 'சாப விமோசனம்', 1943. உங்களுடைய முதல் கதை சமாதானத்தில் முடிகிறது. இது சமாதானத்தில் தொடங்குகிறது. அகலிகை கல்லிலிருந்து எழுந்தாயிற்று, கோதமர் மன்னித்தாயிற்று. இனி என்ன என்று கேட்டுத்தான் கதை புறப்படுகிறது. மன்னிப்புக் கிடைத்த பெண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் குத்துகிறது, தன்னையே நம்ப முடியவில்லை. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலே கேட்ட பிறகு அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கடைசியில் மறுபடியும் கல். இதை வாசித்துவிட்டு 'வெள்ளிப் பாதசரம்' கதையின் கடைசிப் பக்கத்துக்குத் திரும்பிப் போனால், அந்த வண்டிச் சோடியின் சமாதானம் அடுத்த திருவிழா வரை தாங்குமா என்று ஒரு கேள்வி எழும். இலங்கையர்கோன் தாங்கும் என்றுதான் நம்பினார் போலிருக்கிறது. அந்த நம்பிக்கையைக் குறையாகச் சொல்லாதீர்கள். சமாதானத்தை நம்பும்படி எழுதுவது சண்டையை எழுதுவதைவிடக் கஷ்டம். அவர் அதைச் செய்திருக்கிறார்.

கதையை மாற்றலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். நம் பகுதியில் நல்ல எழுத்தாளர்கள் இல்லாததால் அப்படிச் சொல்லவில்லை. அக்கரைப்பற்று அ.ஸ.அப்துஸ்ஸமதுவையும் மருதமுனை மருதூர்க்கொத்தனையும் கட்டாயம் வாசியுங்கள். எஸ்.எல்.எம்.ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' (1992), தீரன் ஆர்.எம்.நௌஷாத்தின் 'வெள்ளிவிரல்' (2011) தொகுப்புகளை இறுதி வருட ஆய்வுக்கு இப்போதே எடுத்து வையுங்கள். ஆனால் நம்முடையவர் எழுதியது என்பது ஒரு கதையை எடுக்கப் போதிய காரணம் ஆகாது. மாறினாலும் அதே நல்லவன் கெட்டவன் கணக்கைத்தான் அங்கேயும் போடுவீர்கள். அங்கே பாத்திரங்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள் போல இருப்பதால் தீர்ப்பு இன்னும் வேகமாக வரும். யாழ்ப்பாணத்துச் சோடியும் சென்னைப் பிராமணக் குடும்பமும் உங்களுக்குத் தூரம். தூரம் இப்போதைக்கு உங்களுக்கு நல்லது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யையும் இழுத்து வந்திருக்கிறீர்கள், முஸ்லிம் பெண்களின் வாழ்க்கை என்பதால். அது 2004இல் வந்த நாவல், மகள். நாவலுக்கு இருக்கிற இடமும் காலமும் சிறுகதைக்கு இல்லை. அதை எடுத்துவிடுங்கள்.

ஆண்டுகளில் ஒரு பொறி இருக்கிறது, நீங்களும் விழுந்திருக்கிறீர்கள். 'வெள்ளிப் பாதசரம்' தொகுப்பு 1962இல் வந்தது. இலங்கையர்கோன் 1961இலேயே இறந்துவிட்டார். ஆகவே 1962 என்பது தொகுப்பின் ஆண்டு. கதையின் ஆண்டு இல்லை. அதை வைத்துக்கொண்டு 'சுதந்திரத்துக்குப் பிந்திய ஈழத்துக் குடும்பம்' என்று ஒரு பந்தி கட்டியிருக்கிறீர்கள். அது நிற்காது. கு.ப.ரா. 1944இல் இறந்தவர், ஆகவே அவருடைய கதை அதற்கு முந்தியது. ஒவ்வொரு கதையும் முதலில் எந்தப் பத்திரிகையில், எந்த வருடம் வந்தது என்று தேடிப் போடுங்கள். ஈழத்துப் பழைய தொகுப்புகளையும் சஞ்சிகைகளையும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் தேடலாம். கைபேசியிலேயே வாசிக்க முடியும். தேடிக் கிடைக்கவில்லை என்றால் தொகுப்பின் ஆண்டை அது தொகுப்பின் ஆண்டு என்று சொல்லியே போடுங்கள்.

விமர்சன நூல்கள். கா.சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்', செங்கை ஆழியானின் 'ஈழத்துச் சிறுகதை வரலாறு' இரண்டிலிருந்தும் மேற்கோள் எடுத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் இரண்டு மேற்கோளும் சும்மா வந்து உட்கார்ந்திருக்கின்றன. நீங்கள் ஒன்றைச் சொல்ல, அவர் அதையே சொல்ல, பந்தி முடிகிறது. பேராசிரியர் சொன்னதில் உங்களுக்கு உடன்பாடில்லாத ஓர் இடத்தையாவது கண்டுபிடியுங்கள்; அல்லது அவர் ஒரு கதையைப் பற்றிச் சொன்னது மற்றக் கதைக்குப் பொருந்துமா என்று பாருங்கள். சிவத்தம்பி இருந்திருந்தால் அவரே அதைத்தான் கேட்டிருப்பார்.

முடிவுரையில் 'இன்றைய இளைஞர் யுவதிகள் விட்டுக்கொடுத்து வாழ வேண்டும்' என்று எழுதியிருப்பதை வெட்டிவிட்டேன். ஜும்ஆக் குத்பாவிலும் கலியாண வீட்டிலும் அதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் உங்கள் கேள்வியால் திறக்க முடியாமல் போன ஒன்றை எழுதுங்கள். இரண்டு கதைகளிலும் பிள்ளைகளுக்கு ஏன் இடம் இல்லை என்று ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. எனக்கு விடை தெரியாது, உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

தலைப்பையும் மாற்ற வேண்டும். 'இரு சிறுகதைகளில் கணவன் மனைவி முரண்: ஓர் ஒப்பீட்டாய்வு' என்று வைத்தால் சேருடைய மேசையில் அதே தலைப்போடு இன்னும் பல ஒப்படைகள் கிடக்கும். உங்கள் கேள்வியையே தலைப்பாக வையுங்கள். திருத்தி எழுதிய பிறகு முழுவதையும் அனுப்ப வேண்டாம், முதல் பந்தி மட்டும் போதும்.